2016 ஸ்விஃப்ட்டுக்கு எத்தனை நட்சத்திரம்? கரூர் நண்பருக்குச் சொன்ன யோசனைக்கு என் மறுப்பு

எஃகுக்கூடு:
மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார் ஆகியோருடன் பயணம் செய்ய நான்கரை லட்ச ரூபாய்க்குள் பாதுகாப்பான பழைய கார் எது என்று கரூர் நண்பர் ஒருவர் நேற்றுக் கேட்டிருந்தார். அதற்கு நெடுஞ்சாலை44 என்ற உறுப்பினர், “2016 ஸ்விஃப்ட் டீசலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், அது 5 நட்சத்திரம் வாங்கிய வண்டி” என்று எழுதியிருக்கிறார். ஒரு குடும்பத்தின் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விக்கு இப்படியொரு பதிலைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அந்த 5 நட்சத்திரம், கார்களை மோதவிட்டுப் பார்த்துப் பாதுகாப்புக்கு 5 வரை நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் அமைப்பு 2010ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சந்தைக்கான ஸ்விஃப்ட்டுக்குக் கொடுத்தது. அந்த வண்டியில் முன்புற ஏர்பேக்குகளோடு பக்கவாட்டு ஏர்பேக்குகளும் தலையைக் காக்க ஜன்னலோரம் விரியும் திரை ஏர்பேக்குகளும் இருந்தன. நம் ஊரில் விற்ற ஸ்விஃப்ட்டை 2014 நவம்பரில் குளோபல் என்கேப் என்ற அதே வகைச் சர்வதேச அமைப்பு மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபோது கிடைத்தது பூஜ்யம். ஐந்துக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர்கள் அடுத்தவர் குடும்பத்துக்கு யோசனை சொல்ல வேண்டாம்.

நெடுஞ்சாலை44:
ஐயா, பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. 2014இல் மோதவிட்ட ஸ்விஃப்ட்டில் ஒரு ஏர்பேக்கூட இல்லை. நான் சொன்னது டீசலில் உயர்ந்த வகையான இசட்.டி.ஐ. அதில் முன்புறம் இரண்டு ஏர்பேக்குகளும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கம்பெனியிலிருந்தே வருகின்றன. உங்களுக்கு மிகவும் பிடித்த ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கும் 2014 ஜனவரியில் ஏர்பேக் இல்லாமல் சோதித்தபோது பூஜ்யம்தான் கிடைத்தது. இரண்டு ஏர்பேக் வைத்துச் சோதித்த பிறகுதான் அது 4 நட்சத்திரம் ஆனது. போலோவுக்கு மட்டும் ஏர்பேக் வேலை செய்யும், ஸ்விஃப்ட்டுக்கு வேலை செய்யாது என்று நீங்கள் எந்தச் சோதனையில் கண்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சேலத்துக்கும் மதுரைக்கும் இடையே இத்தனை ஆண்டுகளாக இதே வண்டியில்தான் என் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறேன்.

எஃகுக்கூடு:
கேட்டதற்கு நன்றி. 2018இல் வந்த புதிய ஸ்விஃப்ட்டில் எல்லா வகைகளிலும் இரண்டு ஏர்பேக்குகளும் ஏ.பி.எஸ்.ஸும் இருந்தன. அதே ஆண்டில் அதைச் சோதித்தபோது கிடைத்தது 2 நட்சத்திரம். அதன் உடற்கூடு, அதாவது ஆட்களைச் சுற்றியுள்ள எஃகுச் சட்டம், நிலையற்றது என்றும் அறிக்கையில் எழுதினார்கள். போலோவின் கூடு ஏர்பேக் இல்லாமல் மோதியபோதே நிலையாக நின்றது. அதனால்தான் ஏர்பேக் வைத்ததும் மதிப்பெண் ஏறியது. ஓட்டுநர் உட்காரும் இடமே நசுங்கும் வண்டியில் ஏர்பேக் விரிந்து என்ன பயன்? டாட்சன் கோ காரின் கூடு இடிந்துவிழும் விதத்தைப் பார்த்த அதே அமைப்பு, அதில் ஏர்பேக் பொருத்தியும் பலனில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. ஆகவே 2016 ஸ்விஃப்ட்டுக்குப் பூஜ்யம் என்று நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

நெடுஞ்சாலை44:
2018இல் வந்தது முற்றிலும் வேறு வண்டி, அதன் அடித்தளமே வேறு. அந்த 2 நட்சத்திரத்தை எடுத்து 2016 வண்டியின் தலையில் வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? பூஜ்யம் ஏர்பேக் இல்லாத வண்டிக்கு, இரண்டு 2018 வண்டிக்கு. ஏர்பேக் வைத்த 2016 இசட்.டி.ஐ.க்கு இந்தியாவில் கிடைத்த மதிப்பெண் என்ன என்று நேராகச் சொல்லுங்கள். அப்படியொரு மதிப்பெண்ணை உங்களால் காட்ட முடியாது. காட்ட முடியாத ஒன்றைப் பூஜ்யம் என்று எழுதுவது நேர்மையல்ல.

எஃகுக்கூடு:
காட்ட முடியாத ஒன்றை நீங்கள் ஐந்து என்று எழுதியபோது இந்த நேர்மை எங்கே போயிருந்தது?

கொங்கு வண்டி:
மூன்று தலைமுறையாகக் கார் வேலை செய்யும் குடும்பத்திலிருந்து வருகிறேன், அதனால் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். கரூர்காரர் வாங்கப்போவது ஷோரூமில் நிற்கும் வண்டியை அல்ல. ஏதோவொரு கார் கன்சல்டிங்கில், பாலிஷ் போட்டு நிறுத்திவைத்த பழைய வண்டியைத்தான் அவர் வாங்கப்போகிறார். அந்த வண்டி ஏற்கெனவே ஒருமுறை மோதி, ஏர்பேக் வெடித்து, டேஷ்போர்டை ஒட்டிவைத்து விற்பனைக்கு வந்திருந்தால் ஐந்தும் பூஜ்யமும் ஒன்றுதான். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியவுடன் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். விளக்கு எரியவே இல்லையென்றால் அதைக் கழற்றிவிட்டார்கள் என்று பொருள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் விளக்கு அணைகிற அதே கணத்தில் ஏர்பேக் விளக்கும் அணைந்தால், இரண்டையும் ஒரே ஒயரில் இணைத்து ஏமாற்றியிருக்கிறார்களா என்று சந்தேகப்பட வேண்டும். பிறகு சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். அதன் அடியில் தயாரித்த தேதியோடு ஒரு சீட்டு தைத்திருக்கும். வண்டி 2016, பெல்ட் 2019 என்றால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. பெல்ட்டின் கடைசி முழங்களில் சேற்றுக் கறை தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பர் மழைக்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் பிறகு சென்னையிலிருந்து அப்படிப்பட்ட வண்டிகள் நம் பக்கம் நிறைய வந்தன. பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்கு இருபுறமும் உள்ள உட்தகடான ஏப்ரனில் கம்பெனி வைத்த வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா, முன்சக்கரத்துக்கு மேலுள்ள வெளித்தகடான ஃபெண்டரின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல், ஐரோப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எஃகுக்கூடு ஐயா எந்த வண்டிக்கு அடியிலாவது படுத்துப் பார்த்ததுண்டா? என்னைக் கேட்டால், இந்த விலைக்கு டொயோட்டா எட்டியோஸ் டீசல் வாங்கச் சொல்வேன். இன்ஜின் நம்பகமானது, குளோபல் என்கேப்பிலும் 4 நட்சத்திரம்.

நெடுஞ்சாலை44:
எட்டியோஸா! தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் எட்டியோஸ் டீசலில் எத்தனை வண்டிகள் டி-போர்டில் டாக்சியாக ஓடி, பிறகு ஓன் போர்டாக, அதாவது சொந்த வண்டியாக, மாறியவை என்பது கன்சல்டிங்காரர்களுக்குத் தெரியாதா? விமான நிலையத்துக்கும் வேலூர் மருத்துவமனைகளுக்கும் இரவு பகலாக ஓடிய வண்டியின் மீட்டரைக் குறைத்து, மஞ்சள் பலகையைக் கழற்றி, “குடும்பத்தார் ஓட்டியது” என்று விற்கும் கூட்டத்துக்கு நீங்கள் வக்காலத்து வாங்குகிறீர்கள். சென்ற ஆண்டு இதே இடத்தில் ஈரோட்டு நண்பர் ஒருவருக்கு நீங்கள் காட்டிவிட்ட வண்டியின் கதை எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

கொங்கு வண்டி:
அந்த ஈரோட்டு வண்டியைப் பற்றி நான் அப்போதே விளக்கம் கொடுத்துவிட்டேன். கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே சொன்னேன், அதற்கு விலையும் குறைத்தார்கள். டி-போர்டு வண்டியைக் கண்டுபிடிக்க மந்திரம் தேவையில்லை. மேற்கூரையில் கேரியர் மாட்டிய அடையாளமும், கதவில் எழுத்து ஒட்டிய இடத்தில் மட்டும் பெயிண்ட் வெளுக்காமல் இருப்பதும் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆர்.சி.யின் பழைய விவரத்தையும் பார்க்கலாம். உங்கள் ஸ்விஃப்ட் மட்டும் டாக்சியாக ஓடவில்லையா? அதற்கே டிக்கி சேர்த்து வந்த டிசையர் தம்பியைக் கேட்டுப் பாருங்கள்.

மறைமலை:
இரு தரப்பும் ஃபோர்டு ஆஸ்பயரை மறந்துவிட்டீர்கள். தொடக்கம் முதல் எல்லா வகைகளிலும் இரண்டு ஏர்பேக்குகள் கொண்ட வண்டி அது, குளோபல் என்கேப்பில் 3 நட்சத்திரமும் வாங்கியது. கம்பெனி வெளியேறியதால் விலையும் இறங்கிவிட்டது.

நெடுஞ்சாலை44:
2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டுப் போன கம்பெனியின் வண்டியைக் கரூர்காரர் வாங்கி, ஒரு ஹெட்லைட் உடைந்தால் எத்தனை நாள் காத்திருப்பது? ஊருக்கு ஊர் மெக்கானிக் கிடைப்பதும் நம்பகத்தன்மையில் சேர்ந்ததுதான்.

மறைமலை:
உதிரிப்பாகம் இன்றும் வருகிறது. வாங்கிப் பார்க்காதவர்கள்தான் வராது என்கிறார்கள்.

எஃகுக்கூடு:
ஃபோர்டையும் டாக்சியையும் காட்டிப் பேச்சைத் திசைதிருப்ப வேண்டாம். என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. 2016 ஸ்விஃப்ட்டுக்கு 5 நட்சத்திரம் என்று எழுதியதை நெடுஞ்சாலை44 திரும்பப் பெறுகிறாரா, இல்லையா? கொங்கு வண்டி சொன்ன ஏப்ரன், பெல்ட் விவரங்கள் எல்லாம் சரிதான், எந்தப் பழைய காரை வாங்கினாலும் அவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஏப்ரனில் ஒரு கீறல்கூட இல்லாத ஸ்விஃப்ட்டும் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்று எவ்வளவு பலமாக இருந்ததோ அதைவிடப் பலமாகிவிடாது. படுத்துப் பார்த்தாயா என்று கேட்கிறார். எஃகின் தடிமனையும் தரத்தையும் வண்டிக்கு அடியில் படுத்துக் கண்ணால் கண்டுபிடிப்பவர் யாரும் இல்லை. அதற்காகத்தான் பொம்மையை உட்காரவைத்து மோதிப் பார்க்கிறார்கள்.

மதுரைத் தாய்:
கேட்டவருக்கு இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை யாருமே கவனிக்கவில்லை. குளோபல் என்கேப் நட்சத்திரம் என்று நீங்கள் எல்லோரும் சொல்வது முன்னிருக்கைப் பெரியவர்களுக்கான மதிப்பெண். குழந்தைகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு. 2019இல் ஹோண்டா அமேஸுக்குப் பெரியவர்கள் பிரிவில் 4 கிடைத்தது, குழந்தைகள் பிரிவில் 1தான் கிடைத்தது. ஐந்து பேர் போகும் குடும்பத்தில் பின்னால் மூன்று பேர் உட்காருவார்கள். நடுவில் இருப்பவருக்கு இடுப்புப் பெல்ட்டாவது இருக்கிறதா, குழந்தை இருக்கையை இறுக்கிக் கட்ட வழியிருக்கிறதா என்று ஒருவராவது கேட்டீர்களா? 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் வண்டி விலையுயர்ந்த பென்ஸ்தான், பின்னிருக்கையில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகும் வழக்கத்தை விடாதவரை எந்த வண்டியை வாங்கியும் எனக்கு நிம்மதி இருக்காது.

எஃகுக்கூடு:
அம்மா, நீங்கள் சொல்வது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. 2014இல் சோதித்த ஸ்விஃப்ட்டுக்குப் பெரியவர்கள் பிரிவில் பூஜ்யம்.

மதுரைத் தாய்:
நான் உங்கள் வாதத்துக்கு வலு சேர்க்க வரவில்லை. குழந்தை இருக்கையைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் மறுபடியும் பூஜ்யத்துக்குப் போய்விட்டீர்கள்.

நெடுஞ்சாலை44:
அதே பூஜ்யம், அதே ஏர்பேக் இல்லாத வண்டி! 2016 இசட்.டி.ஐ.யின் சோதனை அறிக்கையைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

எஃகுக்கூடு:
5 நட்சத்திரம் என்று முதலில் எழுதியவர் நீங்கள், ஆகவே முதலில் காட்ட வேண்டியவரும் நீங்கள்தான். கரூர் நண்பருக்குச் சொல்கிறேன்: 2018 டிசம்பரில் இந்தியத் தயாரிப்புகளில் முதன்முதலாக 5 நட்சத்திரம் பெற்ற டாடா நெக்ஸான் உங்கள் தொகைக்குச் சற்று மேலே இருக்கலாம். ஆறு மாதம் பொறுத்துப் பணம் சேர்த்து வாங்குங்கள்.

கொங்கு வண்டி:
ஆறு மாதம் அந்தக் குடும்பம் ஐந்து பேரும் எதில் போவார்கள், இரு சக்கர வண்டியிலா? கையில் உள்ள பணத்துக்கு வழி கேட்டவரிடம் மேலும் ஒன்றரை லட்சம் புரட்டச் சொல்வது எந்த வகை யோசனை? கரூர் நண்பரே, வண்டியைப் பார்க்கப் போகும்போது காரின் தகடு வேலை செய்யும், தெரிந்த டிங்கர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

எஃகுக்கூடு:
டிங்கர் வந்து தட்டிப் பார்த்தால் பூஜ்யம் நான்காகிவிடுமா என்பதை அவர் விளக்கட்டும். நெடுஞ்சாலை44இன் பதிலுக்கும் இன்னும் காத்திருக்கிறேன்.