பழ டார்ட்: ஓடு சுருங்குகிறது, அடி நமத்துப் போகிறது. எங்கே தப்பு?

கேள்வி:
8 செ.மீ. அச்சில் சின்னப் பழ டார்ட். 250 கிராம் மைதா, 125 கிராம் வெண்ணெய், 90 கிராம் பொடித்த சர்க்கரை, 1 முட்டை, சிட்டிகை உப்பு. வேகும்போது ஓரம் அரை செ.மீ. இறங்கிவிடுகிறது. கஸ்டர்டும் பழமும் வைத்த இரண்டு மணி நேரத்தில் அடி நமத்துவிடுகிறது. அளவில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பதில் 1:
அளவைத் தொடாதீர்கள், அது சரியாகவே இருக்கிறது. ஓரம் இறங்க இரண்டு காரணம் உண்டு. முட்டை சேர்த்த பிறகு சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் குளூட்டன் (மைதாவிலுள்ள இழுவைப் புரதம்) இறுகி, சூட்டில் ரப்பர் மாதிரி இழுக்கும். மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். தட்டையாகத் தட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஃபிரிட்ஜில் குறைந்தது 1 மணி நேரம் வையுங்கள். அடுத்தது, அச்சில் போடும்போது இழுத்து ஒட்டுவது. இழுத்த மாவு வேகும்போது திரும்பிப் போகும். 3 மி.மீ. கனத்தில் தேய்த்து, அச்சுக்குள் தளர்வாக இறக்கி, மூலையில் விரலால் மெல்ல அழுத்தினால் போதும். முள்கரண்டியால் அடியைக் குத்தி, ஃப்ரீசரில் 30 நிமிடம். கல் மாதிரி இறுகியபின்தான் ஓவனுக்குள் போக வேண்டும். இந்த ஒரு படியை விட்டுவிட்டால் மற்ற கவனமெல்லாம் வீண்.

பேக்கிங் தாள் விரித்து, பாரத்துக்குக் காய்ந்த பயறை ஓரம் வரை நிரப்பி 170 டிகிரியில் 15 நிமிடம். பயறை எடுத்துவிட்டு இன்னும் 7, 8 நிமிடம், அடி பொன்னிறமாகும் வரை. வெளுப்பாக எடுத்தால் நமக்கத்தான் செய்யும்.

பதில் 2:
நன்றாக வெந்த ஓட்டுக்கும் ஒரு தடுப்பு தேவை. ஆறியதும் உருக்கிய வெள்ளை சாக்லேட்டை உள்ளே மெல்லிசாகத் தடவி இறுகவிடுங்கள், கஸ்டர்டின் ஈரம் இறங்காது. இனிப்பு கூடுமென்றால், கடைசி 3 நிமிடத்துக்கு முன் மஞ்சள் கரு பூசி வேகவையுங்கள்.

கஸ்டர்ட் நீர்த்திருந்தாலும் இதே கதிதான். 500 மி.லி. பாலுக்கு 4 மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, 40 கிராம் கார்ன்ஃப்ளார். கெட்டியானதும் அடுப்பை அணைப்பதுதான் பலர் செய்யும் பிழை. கருவில் உள்ள அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சை உடைத்து, ஆறியபின் நீர்க்கச் செய்யும். கொப்பளம் வந்தபிறகும் அடுப்பிலேயே 1 நிமிடம் விடாமல் கிளறுங்கள், அப்போதுதான் அந்த நொதி செயலிழக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, கொப்பளம் வருமுன்னே இறக்கிக்கொண்டிருந்தேன். இன்னொன்று: கிவி வைத்து மேலே ஜெலட்டின் ஊற்றினால் உறைவதே இல்லை.

பதில் 3:
வேகவைக்காத கிவி, அன்னாசி, பப்பாளி மூன்றிலும் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. ஜெலட்டினும் புரதம்தானே! ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி (அகர் அகர்) என்றால் இந்தத் தொல்லை இல்லை. இல்லையென்றால் ஆப்ரிகாட் ஜாமில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சூடாக்கி, வடிகட்டி, வெதுவெதுப்பாகத் தூரிகையால் தடவுங்கள். கிவி பால் கஸ்டர்டில் பட்டுக்கொண்டே இருந்தால் கசக்கும், அதனால் பரிமாறும் நேரத்தில்தான் வைக்க வேண்டும். எந்தப் பழமானாலும் நறுக்கியதும் துணியில் ஒற்றி எடுங்கள்.