எட்டுப் பேர் சேர்ந்து ஒரே நாளில் விக்கிப்பீடியாவில் எழுதுவது எப்படி? (திருகோணமலைக் கட்டுரைகள்)

உவர்மலை ஆசிரியை எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, காலை 9 முதல் மாலை 4 வரை, திருகோணமலை நகரில் எட்டுப் பேர் ஒன்றாக இருந்து தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் போகிறோம். நான்கு ஆசிரியர்கள், மூன்று உயர்தர மாணவர்கள், ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர். ஐந்து மடிக்கணினி, மிச்சப் பேருக்குக் கைப்பேசி, எல்லாருக்கும் ஒரே வைஃபை. பட்டியலில் இருப்பவை: கந்தளாய்க் குளம் (விரிவாக்க வேண்டும்), நகரத்துச் சிறு கோவில்கள், கொட்டியாரப் பக்கத்துக் கிராமங்கள்.

தெரியாதவை இவை. எட்டுப் பேரும் ஒரே கட்டுரையைத் திறந்தால் ஒருவர் எழுதியது மற்றவரால் அழிபடாதா? ஒரு பிள்ளையார் கோவில் பற்றி மாணவர் ஒருவர் போட்ட கட்டுரை மறுநாளே பதிப்புரிமை மீறல் என்று நீக்கப்பட்டுவிட்டது. கும்பாபிஷேக மலரில் இருந்து எடுத்தது, தர்மகர்த்தா சம்மதம் சொன்னவர். அது போதாதா? மூன்றாவது, கந்தளாய்க் குளத்தைக் கட்டியது யார் என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. கட்டுரையில் எதைப் போடுவது? படங்கள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து வைத்திருக்கிறோம்.

கொட்டியாரக்குடா எழுதியது:

டீச்சர், முதலில் கணக்குகள். இதை அன்றைக்குக் காலையில் செய்யலாம் என்று விட்டால் முதல் அரை மணித்தியாலத்திலேயே நின்றுபோவீர்கள். ஒரே ஐபி முகவரியில் இருந்து 24 மணி நேரத்துக்குள் ஆறு கணக்குகள் மட்டுமே தொடங்க முடியும். உங்கள் வைஃபையில் ஏழாவது ஆளுக்குப் பிழைச் செய்தி வரும். பெரிய பட்டறைகளுக்கு இந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், எட்டுப் பேருக்கு அந்தச் சோலி வேண்டாம். ஒரு கிழமைக்கு முன்பே எல்லாரும் வீட்டில் இருந்து அவரவர் டேட்டாவில் கணக்கைத் தொடங்கட்டும். வீபிஎன் போட்டிருந்தால் நிறுத்திவிட வேண்டும், அந்த முகவரிகள் பெரும்பாலும் தடுக்கப்பட்டிருக்கும். மின்னஞ்சலைக் கட்டாயம் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்காதவர் கடவுச்சொல்லை மறந்தால் கணக்கு போனதுதான்.

பாடசாலைப் பெயரிலோ குழுப் பெயரிலோ கணக்கு வேண்டாம். ஒரு கணக்கு, ஒரு ஆள். கைமாறிப் பாவிக்கும் கணக்கைக் கண்டால் தடுத்துவிடுவார்கள்.

அழிபடுவது பற்றி: பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் எப்படி நடக்கிறது என்று விளங்கியிருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேமித்தால், மாற்றங்கள் வேறு வேறு பந்திகளில் இருக்கும்வரை மென்பொருள் தானே இரண்டையும் பொருத்திவிடும். பக்கத்தின் மூல உரையில் ஒரு பந்தி முழுவதும் ஒரே வரியாகத்தான் இருக்கிறது. அதனால் அதே பந்தியில் ஒருவர் ஒரு காற்புள்ளியை மாற்றி, இன்னொருவர் கடைசி வசனத்தை மாற்றினாலும் தொகுத்தல் முரண்பாடு வரும். அந்தத் திரை வந்தால் முதல் வேலை, உங்கள் எழுத்தை அப்படியே நகலெடுத்து நோட்பேட்டில் ஒட்டுவது. பிறகுதான் மற்றதெல்லாம். பதறிப்போய்த் திரும்பச் சேமிப்பதை அழுத்தினால் உங்கள் பந்தியோ மற்றவரின் பந்தியோ போய்விடலாம். மற்றவருடையது போனாலும் 'வரலாறு' பக்கத்தில் இருக்கும், எடுத்து ஒட்டலாம். நேரம்தான் மினக்கெடும்.

ஆகவே கட்டுரையை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். கந்தளாய்க் குளத்துக்கு ஒருவர் அமைவிடமும் நீரேந்து பகுதியும், ஒருவர் வரலாறு, ஒருவர் 1986 ஏப்ரல் 20 அணை உடைப்பு, ஒருவர் பாசனம். பக்கத்தின் மேலே உள்ள 'தொகு'வை விட்டு, அந்தந்தத் தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள 'தொகு'வைத்தான் அழுத்த வேண்டும். முன்னுரையும் தகவற்பெட்டியும் ஒரே ஆளுக்கு, அதுவும் கடைசியில். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் முன்னுரை எழுத ஏலாது. ஒரு மணித்தியாலம் எழுதி ஒரே தடவையாகச் சேமிப்பதை விட, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்து, தொகுப்புச் சுருக்கத்தில் 'பாசனப் பரப்புக்கு மேற்கோள் சேர்த்தேன்' என்று நாலு சொல் எழுதுவது மேல். வெறும் சுருக்கத்தோடு வரும் புதுக் கணக்கின் பெரிய மாற்றத்தைப் பார்க்கிறவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

கிண்ணியா நூலகன் எழுதியது:

தர்மகர்த்தாவின் சம்மதம் போதாது டீச்சர், இரண்டு காரணத்தால். மலரில் அந்தக் கட்டுரையை எழுதியவர் வேறொருவர், உரிமை அவருடையது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நிற்கும். அவரே சம்மதித்தாலும், "விக்கிப்பீடியாவில் போடுங்கள்" என்ற வாய்ச்சொல் பயன்படாது. விக்கிப்பீடியாவில் ஏறும் எழுத்தை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கும் புத்தகத்தில்கூடச் சேர்க்கலாம். அதற்கு அவர் எழுத்து மூலம் உடன்பட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். இவ்வளவுக்கும் போகத் தேவையில்லை. தகவலுக்கு உரிமையாளர் இல்லை, வசனத்துக்குத்தான் உண்டு. மலரை மூடிவைத்துவிட்டுச் சொந்த வசனத்தில் எழுதி, எந்தப் பக்கத்தில் இருந்து என்று மேற்கோள் காட்டினால் சரி. அதே தலைப்பில் புதிதாக எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஆனால் மலர் எதற்குச் சான்று, எதற்குச் சான்று இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு வடிவாகச் சொல்லிக் கொடுங்கள். கும்பாபிஷேகம் நடந்த நாள், பரிபாலன சபை அமைந்த ஆண்டு, தேர் செய்த ஆண்டு ஆகியவற்றுக்கு நல்ல சான்று. "ஈராயிரம் ஆண்டு பழமை வாய்ந்தது" என்பதற்குச் சான்று அல்ல, அது கோவில் தன்னைப் பற்றித் தானே சொல்வது. பாடசாலை நூற்றாண்டு மலர்களும் அப்படித்தான்.

ஒரு மலரைத் தவிர வேறெதிலும் பெயர் வராத கோவிலுக்குத் தனிக் கட்டுரை தொடங்க வேண்டாம். குறிப்பிடத்தக்கமை இல்லை (தனிக் கட்டுரைக்குப் போதிய சான்று இல்லை) என்று நீக்கச் சொல்லும் அறிவிப்பு வந்துவிடும், பிள்ளைகள் மனம் உடைந்துபோவார்கள். அந்த ஊர்க் கட்டுரையில் 'வழிபாட்டிடங்கள்' என்று ஒரு பந்தியாக எழுதுங்கள், கோவில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் அதற்குள் வரட்டும். பிறகு வேறு நூல்கள் கிடைத்தால் பிரித்தெடுக்கலாம்.

மேற்கோளுக்கு வேண்டியவை: ஆசிரியர், தலைப்பு, வெளியிட்டவர், ஆண்டு, பக்கம். நூலகத்தில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவர முடியாத நூல் என்றால் தலைப்புப் பக்கத்தையும் தேவையான பக்கத்தையும் கைப்பேசியில் எடுத்து வையுங்கள் (உங்களுக்கு மட்டும், விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்ற அல்ல). பழைய ஈழத்து இதழ்களும் மலர்களும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் வருடப்பட்டுக் கிடக்கின்றன, திருகோணமலை என்று தேடினாலே ஒரு நாள் வேலைக்கு அகப்படும். மாவட்டப் புள்ளிவிபரக் கைநூலும் கையில் இருக்கட்டும். அன்றைய சனிக்கிழமை தேடுவதற்கான நாள் அல்ல. ஆளுக்கு மூன்று சான்று கையில் இல்லாவிட்டால் அந்தத் தலைப்பை அன்றைக்குத் தொடாதீர்கள்.

பத்தினிபுரம் வாசகர் எழுதியது:

கந்தளாய்க்கு வருவோம். யார் கட்டினார் என்று தீர்ப்புச் சொல்வது கட்டுரையின் வேலை இல்லை. யார் என்ன சொல்கிறார்கள் என்று சொல்வதுதான் வேலை. இப்படி எழுதலாம்: "கோணேசர் கல்வெட்டு உள்ளிட்ட தமிழ் மரபு நூல்கள் இக்குளத்தைக் குளக்கோட்டனின் திருப்பணியோடு தொடர்புபடுத்துகின்றன. சிங்கள வரலாற்று மரபு இதை இரண்டாம் அக்கபோதி மன்னனோடு தொடர்புபடுத்துகிறது." இரண்டு வசனம், இரண்டுக்கும் தனித்தனி மேற்கோள். பந்தி முடிவில் ஒரே மேற்கோள் போட்டால் நாளைக்கு நடுவில் ஒருவர் ஒரு வசனம் செருகுவார், எது எந்த நூலில் இருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. 'உண்மையில்', 'ஆனால்', 'என்று கூறிக்கொள்கிறார்கள்' போன்ற சொற்களைக் கவனியுங்கள். ஒரு பக்கத்துக்குக் 'கூறுகிறது', மறுபக்கத்துக்குக் 'கூறிக்கொள்கிறது' என்று எழுதினாலே பக்கச்சார்பு வந்துவிட்டது.

கோணேசர் கோவிலுக்கும் இதே கவனம் வேண்டும். போர்த்துக்கேயர் இடித்த ஆண்டு சில நூல்களில் 1622, சிலவற்றில் 1624. ஒருவர் 1622 என்று மாற்ற, மற்றவர் 1624 என்று மீளமைக்க, அப்படியே இழுபடும். இரண்டையும் அவரவர் நூலோடு சொல்லிவிட்டால் அந்தச் சண்டைக்கு இடமில்லை. பிரடெரிக் கோட்டை வாசற் கல்வெட்டிலும் இப்படி ஒரு இடறல் உண்டு. கல்லில் இருப்பது சிதைந்த எழுத்துகள். ஊரில் பலருக்கும் பாடமாக இருக்கும் முழுச் செய்யுள், விடுபட்ட எழுத்துகளை நிரப்பிப் படித்த வாசிப்பு. "கல்வெட்டில் இவ்வாறு உள்ளது" என்று முழுச் செய்யுளையும் போடுவது தவறு. கல்லில் தெரிவதைத் தனியாகவும், வாசிப்பை இன்னாருடையது என்று சொல்லித் தனியாகவும் கொடுக்க வேண்டும்.

1986 உடைப்பைப் பற்றி எழுதும்போது, முதன்முதலில் வந்த செய்தியில் இருக்கும் இறந்தோர் எண்ணிக்கையை எடுக்காதீர்கள். பிந்திய ஆவணத்தின் எண்ணைப் போட்டு, அதன் திகதியையும் சொல்லுங்கள்.

உங்கள் மாற்றம் மீளமைக்கப்பட்டால் (பழையபடி ஆக்கப்பட்டால்) உடனே திரும்பப் போட வேண்டாம். கட்டுரையோடு இருக்கும் பேச்சுப் பக்கத்தில் எந்த வசனம், எந்த நூல், எந்தப் பக்கம் என்று எழுதி, நான்கு அலைக்குறியால் (~~~~) ஒப்பமிட்டு ஒரு கிழமை பாருங்கள். இன்னொன்று, ஒரே குழுவில் இருந்து எட்டுப் பேரும் வந்து "நானும் ஆமோதிக்கிறேன்" என்று எழுதினால் அது எட்டுக் குரலாக எண்ணப்படாது, குழுவின் பெயர்தான் கெடும். ஒருவர் கதைத்தால் போதும். நீங்கள் ஒரே குழு என்பதையும் அவரவர் பயனர் பக்கத்தில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

ஒற்றுப்பிழை எழுதியது:

எழுத்துரு பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் ஆசிரியர்கள் யாராவது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பைக் கொண்டுவருவார்கள். அதை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும்போது ஔகார எழுத்துகள் அடிக்கடி உடையும். 'கௌரி' என்பது 'கெளரி' ஆகிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், ஆனால் இரண்டாவது சொல்லின் தொடக்கம் கணினிக்கு க, எகரக் குறி, தனி ள. தேடலில் அகப்படாது, இணைப்பு அப்படியொரு பக்கம் இல்லை என்று சிவப்பாக நிற்கும்.

அதற்காக எல்லா 'ெள'வையும் ஒரே தடவையில் மாற்றக் கட்டளை கொடுத்துவிடாதீர்கள். திருகோணமலைக் கட்டுரையில் அது பேராபத்து: நிலாவெளியும் உப்புவெளியும் வெருகலின் வெள்ளமும் சேர்ந்து உடைந்துபோகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

'ஸ்ரீ'யும் அப்படி. ஒரே வடிவத்துக்கு இரண்டு எழுத்துத் தொடர்கள் இருக்கின்றன, எந்த விசைப்பலகையில் தட்டினோம் என்பதைப் பொறுத்து மாறும். ஒரே கோவிலுக்கு ஒரே பெயரில் இரண்டு கட்டுரைகள் உருவாகிவிடும். கட்டுரைத் தலைப்பில் ஸ்ரீ, அருள்மிகு, கலாநிதி எதுவும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

திருகோணமலை, திருக்கோணமலை என்ற இரண்டு வழக்கும் உண்டு. கட்டுரை கட்டுரையாகப் போய் ஒன்றை மற்றதாக்கும் வேலையில் இறங்க வேண்டாம், அதில் ஒரு நாள் வீணாகும். மற்ற எழுத்துக்கூட்டலில் ஒரு பக்கத்தைத் தொடங்கி, #வழிமாற்று [[திருகோணமலை]] என்று ஒரு வரி போட்டால் எப்படித் தேடினாலும் வந்து சேர்வார்கள். இலங்கைக் கட்டுரைகளில் பாடசாலை, மாகாணம், பிரதேச செயலகப் பிரிவு, திகதி என்று நம் வழக்கிலேயே எழுதுங்கள். தமிழகத்துப் பயனர் ஒருவர் நல்லெண்ணத்தோடு 'பள்ளி' என்று மாற்றினால், பேச்சுப் பக்கத்தில் அன்பாகச் சொன்னால் விளங்கிக்கொள்வார்.

உவர்மலை ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கணக்குகளை இந்தக் கிழமையே தொடங்கிவிடுகிறோம். சிறு கோவில்களை ஊர்க் கட்டுரைக்குள் கொண்டுவருவது சரியாகப் படுகிறது. இரண்டு விடயம் மிச்சம். அளவையாளர் ஐயா குளக்கட்டின் நீளத்தைத் தானே அளந்து தருகிறேன் என்கிறார், அதைப் போடலாமா? வாட்ஸ்அப் படங்களை நான் ஒருத்தியே ஏற்றலாமா?

கொட்டியாரக்குடா எழுதியது:

ஐயா அளந்தது எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் போட முடியாது, அது சொந்த ஆய்வு. வாசிக்கிறவர் சரிபார்க்க வழியில்லை. ஆனால் அவரைப் போல ஒருவர் கிடைப்பது பெரிய வாய்ப்பு, அவரிடம் ஆள்கூறுகளைக் (அகலாங்கு, நெட்டாங்கு) குறிக்கும் வேலையைக் கொடுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத் தாளைப் பார்த்து ஒவ்வொரு ஊருக்கும் குளத்துக்கும் அவர் குறிக்கட்டும், தாளின் பெயரும் ஆண்டும் மேற்கோளாக வரட்டும். கோவிலுக்குப் பாகையில் நான்கு தசம தானம் போதும், அதுவே ஏறக்குறைய 11 மீற்றர் அளவுக்குத் துல்லியம். குளத்துக்கு இரண்டு, மூன்று தானத்துக்கு மேல் போனால் பொருளில்லை. ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டல் தாளிலும் பிரதேச செயலகப் பட்டியலிலும் வேறுபட்டால் இரண்டையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள், வழிமாற்றுக்கு உதவும்.

படத்தை எடுத்தவரே பொதுவகத்தில் ஏற்ற வேண்டும், தன் கணக்கில், தன் கைப்பேசியில் இருக்கும் மூலக் கோப்பில் இருந்து. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியது சுருங்கிவிடும், எடுத்த நாளும் கருவியும் பதிந்த உள்தகவலும் அழிந்துவிடும். அப்படிப்பட்ட கோப்பை 'சொந்தப் படைப்பு' என்று ஏற்றினால், எங்கோ இருந்து எடுத்தது என்று நீக்கக் கேட்பார்கள். கைமாற்றியே ஆகவேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே வரும், ஆனாலும் ஏற்றுவது எடுத்தவர்தான். புதுச் சிலை, சுவரோவியம் என்றால் படம் நம்முடையது, படைப்பு இன்னொருவருடையது. அவற்றை விட்டுவிடுங்கள். கோட்டைக்குள் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும் இடத்தில் எடுக்க வேண்டாம்.

கடைசி அரை மணித்தியாலத்தை ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு புதுக் கட்டுரைக்கும் [[பகுப்பு:திருகோணமலை மாவட்டம்]] போன்ற பகுப்பு இருக்கிறதா, பல மொழிக் கட்டுரைகளை ஒன்றோடொன்று இணைக்கும் விக்கித்தரவில் ஆங்கில, சிங்களக் கட்டுரைகளோடு இணைந்திருக்கிறதா என்று இருவர் பார்க்க வேண்டும். இணைக்காவிட்டால் சிங்களக் கட்டுரையை வாசிக்கிறவருக்குத் தமிழில் ஒன்று இருப்பதே தெரியாது. எட்டுப் பேரும் எல்லாக் கட்டுரைகளையும் கவனிப்புப் பட்டியலில் (மாற்றங்களைக் காட்டும் அவரவர் பட்டியல்) போட்டுவிட்டுக் கலையுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் பேச்சுப் பக்கங்களில் கேள்விகள் வரத் தொடங்கும்.