புதுப்பிப்பு: மூன்றுக்கு எதிராக நான்கு, பாலிரிதமா பாலிமீட்டரா?

மூன்றாகவும் நான்காகவும் எண்ணும் இரு தாளங்கள் சேர்ந்தொலிக்கும் இசைப்பகுதியைப் பாலிரிதம் என்பதா, பாலிமீட்டர் என்பதா என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். இரு குரல்களுக்கும் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் இசை வரிகளுக்கும்) எது பொதுவாக நிற்கிறது என்று பார்ப்பதே உறுதியான வழி என்று இப்போது கருதுகிறேன்.

பாலிரிதத்தில் பொதுவாக இருப்பது கால அளவு. ஒரே இடைவெளியை ஒரு குரல் 3 சமபங்காகவும் மற்றொன்று 4 சமபங்காகவும் பிரிப்பதால், அதை 12 நுண்ணலகுகளாக எண்ணினால் தட்டுகள் 1, 5, 9 ஆகிய இடங்களிலும் 1, 4, 7, 10 ஆகிய இடங்களிலும் விழுந்து, தொடக்கத்தில் மட்டுமே ஒன்றுசேர்கின்றன. பாலிமீட்டரில் துடிப்பு (சீராக வரும் அடிப்படைத் தட்டு) பொது, எத்தனை துடிப்புகளுக்கு ஒருமுறை சுழற்சி மீண்டும் தொடங்குகிறது என்பது வேறு.

என்னை மிகவும் ஈர்த்தது இதற்கடுத்த செய்தி: 3, 4 துடிப்புச் சுழற்சிகள் இணைந்து ஓடும்போது அவற்றின் முதல் துடிப்புகளை மட்டும் குறித்தால் மேற்சொன்ன அதே வரிசை கிடைக்கிறது, பாலிமீட்டருக்குள் ஒரு பெரிய, மெதுவான பாலிரிதம் இருக்கிறது.

மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவான்னி’ (1787) இசைநாடகத்தின் முதல் அங்கத்து நடனக் காட்சியில் இரண்டையும் ஒருசேரக் கேட்கலாம். அங்கே 3/4, 2/4, 3/8 ஆகிய மூன்று தாள அளவுகளில் (சுற்றுக்கு முறையே 3, 2, 3 துடிப்புகள்) மூன்று இசைக்குழுக்கள் வாசிக்கின்றன. முதலிரண்டும் துடிப்பைப் பகிர்ந்துகொண்டு 6 துடிப்புகளுக்கு ஒருமுறை சந்திக்க, 3/8 குழுவின் ஒரு முழுச் சுற்று அந்தப் பொதுத் துடிப்பு ஒன்றுக்குள் அடங்கி அதை மூன்றாகப் பிரிக்கிறது.

ஆனால், நான்கு துடிப்புச் சுழற்சியின் மேல் மும்மூன்றாக அழுத்தம் கொடுத்துவிட்டு இசை வரியின் முடிவில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் பகுதிகளை நான் பாலிமீட்டர் என்று குறிப்பதில்லை. அங்கே இடம்பெயர்வது அழுத்தம் மட்டுமே.