காப்பிரைட்டர் மூணாவது திருத்தத்துக்கு தனிக்காசு கேக்கறாங்க, மீதிப் பணம் குடுக்கறதா வேண்டாமா?

காங்கேயம் செக்கு:
வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்துல வாகை மரச்செக்கு ரெண்டு போட்டு ஆறு வருசமா எண்ணெய் ஆட்டி விக்கறோம். இப்பத்தான் வெப்சைட் போடறோம். அதுக்கு எழுத ஒரு ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டர் அம்மணியப் புடிச்சேன், ஹோம் பேஜு, எங்களப் பத்தி ஒரு பேஜு, ப்ராடக்ட் பேஜு எட்டு, மொத்தம் 18,000, பாதி அட்வான்ஸ் குடுத்தாச்சு. சொன்ன தேதிக்கு அனுப்பீட்டாங்க, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா படிச்சுப் பாத்தா எங்க எண்ணெய் மாதிரியே தெரியலீங்க, பாரம்பரியத்தின் சுவை, இயற்கையின் கொடைன்னு எந்த பாட்டில்ல வேணா ஒட்டிக்கலாம். ரெண்டு தடவ மாத்திக் குடுத்தாங்க, மூணாவது தடவைக்கு தனியா 3,000 ஆகும்ங்கறாங்க. நல்லெண்ணெய் பேஜுல சர்க்கரை வியாதி குணமாகும்னு ஒரு வரி போடச் சொன்னேன், எழுத மாட்டேன்னுட்டாங்க. வெப்சைட்டுக்கு எழுதின வாசகத்தையே லேபிள்லயும் போட்டுக்கறேன்னா அதுக்கு வேற ரேட்டாமா. காசு குடுத்தா அது என்னோடது தானுங்களே? மீதி 9,000 குடுக்கறதா வேண்டாமா, நாயத்தச் சொல்லுங்க.

திருப்பூர் பனியன்:
குடுக்காதீங்கண்ணே. நானும் பட்டிருக்கேன். போன தீபாவளிக்கு முன்னாடி ஒருத்தருக்கு 12,000 அட்வான்ஸ் போட்டேன், கேட்லாக் எழுத. ஒரு வாரம் பேசினாரு, அப்புறம் போனே எடுக்கல, சீசன் போயிடுச்சு, நானே ராத்திரி உக்காந்து எழுதினேன். துணி வாங்கினா புடிக்கலைன்னா மாத்திக் குடுக்கறோம்ல, எழுத்துக்கு மட்டும் என்ன தனிச்சட்டம்? திருப்தி ஆகுற வரைக்கும் திருத்திக் குடுக்கணும். இல்ல சாட்ஜிபிடில போட்டா அஞ்சு நிமிசத்துல வருது.

எழுத்துக்கூலி:
நான் மதுரைல ஒம்பது வருசமா இந்த வேலைதான் பாக்குறேன். காங்கேயம் சார், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. எழுதச் சொல்லும்போது அவங்க கையில என்ன குடுத்தீங்க?

காங்கேயம் செக்கு:
பாட்டில் போட்டோ, விலைப் பட்டியல், அப்புறம் ஒரு போட்டிக் கம்பெனி சைட் லிங்க் அனுப்பி இந்த மாதிரி வேணும்னேன். போன்ல ஒரு மணி நேரம் பேசணும்னு ரெண்டு தடவ கேட்டாங்க, அப்ப கடலை அறுவடை நேரம், களத்துல நிக்கறப்ப எங்கீங்க பேச, நீங்களே பாத்து எழுதுங்கன்னுட்டேன்.

எழுத்துக்கூலி:
அங்கதான் சார் போச்சு. போட்டோவும் விலையும் வச்சு எழுதுனா இயற்கையின் கொடைன்னுதான் வரும், அவங்க எழுதினாலும் அதான், நான் எழுதினாலும் அதான், மெஷின் எழுதினாலும் அதான். பனியன் அண்ணே, துணிய மாத்திக் குடுத்தா அந்தத் துணி கடைக்குத் திரும்பி வருது, இன்னொருத்தருக்கு விப்பீங்க. எனக்கு என்ன திரும்பி வருது? போன நாலு நாள் போனதுதான். திருத்தம் ரெண்டு தடவைன்னு முன்னாடியே சொல்லித்தான் நாங்க ரேட்டே போடுறோம், அளவில்லாமன்னா 18,000க்கு எப்படி கட்டும்.

திருப்பூர் பனியன்:
அப்ப பேசாம எழுதவே கூடாதுல்ல தங்கச்சி? விவரம் பத்தாதுன்னு தெரிஞ்சும் அட்வான்ஸ வாங்கிட்டு எதையோ எழுதி அனுப்புறது மட்டும் நாயமா? டாக்டரு டெஸ்ட் எடுக்காம மருந்து எழுதுவாரா? கஸ்டமருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிஞ்ச நீங்கதான் நிறுத்தியிருக்கணும்.

எழுத்துக்கூலி:
இது சரிதான், இத நான் மறுக்க மாட்டேன். நான்லாம் பேசாம ஆரம்பிக்கிறதில்ல. அந்தப் பொண்ணு தேதி தவறக்கூடாதுன்னு எழுதியிருக்கும், மீதிப் பணத்துக்கு பயந்தும் எழுதியிருக்கலாம், இந்த லைன்ல அந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு. எனக்கே ஒரு க்ளையண்ட் எட்டு மாசம் கழிச்சுதான் குடுத்தாரு.

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேரும் விட்ட விசயத்துக்கு வர்றேன். காசு குடுத்தா என்னோடதுன்னு நினைக்கிறது தப்புங்க. சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்க ஆபீஸ் வேலையா எழுதினா முதலாளிக்கு சொந்தம். ஃப்ரீலான்ஸ்ல அப்படியில்ல, 1957 காப்பிரைட் சட்டம், அதாவது பதிப்புரிமைச் சட்டம், 17வது பிரிவுப்படி எழுதினவங்கதான் முதல் உரிமையாளர். 19வது பிரிவு, அந்த உரிமைய இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்கறதுன்னா எழுத்துல கையெழுத்து போட்டுக் குடுக்கணும்ங்குது. அதுலயும் எத்தனை வருசம்னு எழுதலைன்னா 5 வருசம்தான், எந்த ஊர்ன்னு எழுதலைன்னா இந்தியா மட்டும்தான். நாளைக்கு சிங்கப்பூருக்கு எண்ணெய் அனுப்பினா அங்க லேபிள்ல அந்த வாசகம் போட கணக்கு பாக்கணும். வெப்சைட்டுக்குன்னு எழுதினத வெப்சைட்ல போட்டுக்கறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, லேபிளுக்கு வேற ரேட் கேக்குறாங்கன்னா அது அநியாயம் இல்ல. ஆனா ஆரம்பத்துலயே அவங்க சொல்லியிருக்கணும்.

சர்க்கரை வியாதி வரிய எழுத மாட்டேன்னது உங்களுக்கு பண்ணின உபகாரம். 1954லயே இருக்குற மருந்து, மாந்திரீக சிகிச்சை விளம்பரச் சட்டத்துல, குணமாகும்னு விளம்பரம் பண்ணக்கூடாத வியாதிப் பட்டியல்ல சர்க்கரை இருக்கு. அதுபோக உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53வது பிரிவுல தப்பான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம். லேபிள்ல இருக்குறது உங்க லைசென்ஸ் நம்பரு, எழுதினவங்க நம்பர் இல்ல.

இன்னொண்ணு. அவங்க உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்னு அரசாங்கப் பதிவு, வச்சிருந்தா, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லைன்னா 15 நாளுக்குள்ள பணம் குடுத்தாகணும், தாண்டினா ரிசர்வ் பேங்க் ரேட்ல மூணு மடங்கு கூட்டு வட்டி கேக்க அவங்களுக்கு வழி இருக்கு.

காங்கேயம் செக்கு:
10 லட்சமா! அந்த வரி வேண்டாமுங்க சாமி. எதிர்க் கடைக்காரர் போட்டிருக்காருன்னு பாத்துத்தான் கேட்டேன், இப்படின்னு தெரியாது. ஆனா எழுத்துதான் எனக்கு இன்னும் மனசுக்கு ஆகல.

எழுத்துக்கூலி:
சரி நானே கேக்குறேன், இங்கயே சொல்லுங்க. உங்க வாட்ஸப்ல கஸ்டமர் அதிகமா என்ன கேக்குறாங்க?

காங்கேயம் செக்கு:
கடலெண்ணெய் பொரிக்கறப்ப நுரைக்குது, கலப்படமான்னு கேப்பாங்க, வாரத்துல நாலு பேராச்சும். ரிஃபைண்டு பண்றப்ப பசைச் சத்தெல்லாம் எடுத்துருவாங்க, செக்குல ஆட்டி வெயில்ல வச்சு தெளிய வக்கறது மட்டும்தான், அந்தப் பசை எண்ணெய்லயே நிக்கும், அதான் நுரைக்குது, அதச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அப்புறம் ஏன் இவ்ளோ விலைன்னு. லிட்டருக்கு ரெண்டரை கிலோ பருப்பு போகுது, பருப்பு விலைய பாத்தா அவங்களே கணக்கு போட்டுக்கலாம். நல்லெண்ணெய் ஏன் லேசா இனிக்குதும்பாங்க, எள்ளோட கருப்பட்டி சேத்து ஆட்டறோமுங்க, எங்கப்பாரு காலத்துப் பழக்கம்.

எழுத்துக்கூலி:
சார் இதுதான் உங்க வெப்சைட்டு! நுரைக்குதேன்னு பயந்து கேக்குறவங்களுக்கு முதல் வரியிலயே பதில் சொன்னா அத விட என்ன விளம்பரம் வேணும். கருப்பட்டி விசயத்த அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருந்தீங்கன்னா துள்ளிக் குதிச்சு எழுதியிருக்கும். அந்த வாட்ஸப் மெசேஜெல்லாம் நம்பர மறைச்சு ஒரு முப்பது நாப்பது எடுத்து அப்படியே அனுப்புங்க, ஒரு மணி நேரம் போன்ல பேசுங்க, முடிஞ்சா செக்கு ஓடுறப்ப நேர்ல வரச் சொல்லுங்க, அந்த வாசனையில நின்னு பாத்துட்டு எழுதுறது வேற.

திருப்பூர் பனியன்:
இத்தனையும் கஸ்டமரே சொல்லணும்னா அப்புறம் எழுதுறவங்களுக்கு எதுக்கு காசு?

எழுத்துக்கூலி:
பருத்தி உங்களுக்கு வெளையுறது வேற எங்கயோ தானே அண்ணே, அப்புறம் பனியனுக்கு எதுக்கு காசு? பத்து பக்கம் பேச்சுல எந்த ஒரு வரி வாங்க வைக்கும்னு பொறுக்கி எடுக்குறதுதான் எங்க வேலை.

காங்கேயம் செக்கு:
நேத்து அந்த அம்மணிக்கு போன் பண்ணி 9,000 போட்டுட்டேன். திருத்தத்துக்கு 3,000ம் குடுக்கறேன், லேபிளுக்கும் சேத்து 5 வருசம்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டுக்கலாம்னு பேசியிருக்கு. அவங்களும் விவரம் வாங்காம எழுதினது தப்புதான்னு சொன்னாங்க, லேபிளுக்கு தனியா வாங்கல. சனிக்கிழமை செக்குக்கு வந்தாங்க, மூணு மணி நேரம் இருந்தாங்க. கடலெண்ணெய் பேஜு முதல் வரி வந்துருச்சு: "வடை போடறப்ப நுரைக்குதா? எதையும் எடுக்காத எண்ணெய் அப்படித்தான் நுரைக்கும்." எப்படி இருக்குங்க?

திருப்பூர் பனியன்:
வரி நல்லாருக்குண்ணே, நிஜமா. ஆனா அட்வான்ஸ் விசயத்துல நான் மாறல. இனிமே யாரு வந்தாலும் முதல்ல ஒரே ஒரு பேஜு, அதுக்கு முழுக் காசு கையோட, புடிச்சாத்தான் மிச்சம்.

எழுத்துக்கூலி:
அந்த ஒரு பேஜுக்கு முன்னாடி போன எடுங்கண்ணே, நானே வர்றேன்.