மருதீரம்: கற்பனையான பாலைக் கடற்கரை நாட்டுக்கு நம்பத்தகுந்த நிலவியலும் வரலாறும் அமைப்பது எப்படி?

உப்பளத்தான் (திருப்புல்லாணி) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஒரு நெடுங்கதைக்காக மருதீரம் என்னும் நாட்டைக் கற்பனையில் அமைத்து வருகிறேன். அது பூமியில் எங்கும் இல்லாத நாடுதான். ஆனால் காற்றும் மழையும் கடலும் இங்கே நடந்துகொள்வதைப் போலவே அங்கும் நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதுவரை வரைந்துள்ள படம் இது. கடல் மேற்கே இருக்கிறது. கரையின் நீளம் ஏறத்தாழ 900 கிலோமீட்டர். கரையை ஒட்டி மணல்மேடுகளும், அவற்றுக்கு அப்பால் வறண்ட மலைத்தொடரும் உள்ளன. வடக்கே முத்துக்குளிக்கும் சிப்பிமுனை, நடுவே ஒரு லட்சம் பேர் வாழும் தலைநகரான நெடுந்துறை, தெற்கே உப்பு விளையும் வெள்ளளம் என மூன்று ஊர்கள். மலையிலிருந்து இறங்கிவந்த குதிரைப்படை மரபினர் முதல் 200 ஆண்டுகள் ஆள்கிறார்கள். அவர்களுக்குப் பின் வணிகர் சபையின் ஆட்சி. கடைசியாக ஓர் அயல்நாட்டார் கோட்டை கட்டிக்கொண்டு கரையைப் பிடிக்கிறார்கள்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மாற்றலாகி வருவதையே "தண்ணியில்லாக் காட்டுக்கு" அனுப்புவதாகச் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனாலும் இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. பாலைவனம் என்று சொல்ல 250 மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பெய்ய வேண்டும். ஆகவே நம் ஊரைப் பார்த்து அப்படியே எழுதிவிட முடியாது. இந்த நாடு ஏன் பாலையாயிற்று, மக்கள் எதைக் குடித்தார்கள், எதை விற்று வாழ்ந்தார்கள் என்ற மூன்றும் எனக்குத் தெளிவாக வேண்டும்.

கச்சான்காற்று (தொண்டி)

கடலை மேற்கே வைத்தது நல்லது. தென் அமெரிக்காவின் அட்டகாமா, ஆப்பிரிக்காவின் நமீப் ஆகிய இரண்டும் கண்டங்களின் மேற்குக் கரையில் இருப்பவை. துருவப் பக்கமிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம் ஒன்று அந்தக் கரைகளை உரசிக்கொண்டு போகிறது. அட்டகாமாவுக்கு ஹம்போல்ட் நீரோட்டம், நமீபுக்கு பெங்குவேலா நீரோட்டம். கடல்நீர் குளிர்ந்திருப்பதால் அதன்மேல் நிற்கும் காற்றும் குளிர்ந்து கனத்துப்போகிறது. கனத்த காற்று மேலே எழும்பாது, எழும்பாத காற்றில் மழைமேகம் திரளாது. கடலை ஒட்டியே இருந்தும் சிலி நாட்டின் அரிக்கா நகரில் ஆண்டுச் சராசரி மழை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. மழைக்குப் பதிலாக மூடுபனி வரும். நமீப் பாலையில் வண்டுகள் அந்தப் பனியை உடலில் பிடித்தே தாகம் தீர்த்துக்கொள்கின்றன; சிலியில் வலைகளை நிறுத்திவைத்து அதிலிருந்து தண்ணீர் வடித்தெடுத்திருக்கிறார்கள்.

அதே குளிர்ந்த நீர், ஆழத்திலிருந்து சத்துகளை மேலே கொண்டுவருவதால், அங்கே மீன் வளம் சொல்லி மாளாது. மீனைத் தின்னும் பறவைகள் கூட்டங்கூட்டமாகத் தீவுகளில் தங்கி எச்சமிடும். மழை கரைக்காததால் அந்த எச்சம் மலைபோல் சேரும். பெரு நாட்டின் சின்சா தீவுகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் அதை வெட்டிக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு உரமாக ஏற்றினார்கள். தரையில் பச்சை இல்லாத நாடு பிறர் வயலுக்கு உரம் விற்றுப் பிழைப்பதைக் கற்பனையாக எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆனால் உங்கள் சிப்பிமுனைதான் இடிக்கிறது. முத்துச்சிப்பி வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடலில் வளர்வது. மூடுபனி படரும் குளிர்க்கடலில் முத்துப்பார் (சிப்பிகள் படியும் கடலடித் திட்டு) அமையாது. மூடுபனியா, முத்தா என்பதை நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

துறைமுகத்தெரு (கீழக்கரை)

கச்சான்காற்று சொன்னது ஒரு வகைப் பாலைக்கரைதான். எல்லாப் பாலைக்கரையும் அப்படி இல்லை. நான் ஓமானில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். அங்கும், பாரசீக வளைகுடாவிலும், செங்கடலின் இரு கரைகளிலும் கடல் வெந்நீராகக் கிடக்கிறது. காற்றில் புழுக்கம் பிழிகிறது. ஆனாலும் மழை இல்லை. அந்தப் பகுதியில் வானின் மேலடுக்கிலிருந்து காற்று கீழ்நோக்கி இறங்கி அழுத்திக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். சோமாலியாவின் கிழக்குக் கரையும் வறண்ட நிலம்தான். ஆகவே கடல் எந்தத் திசையில் இருந்தாலும் பாலை அமையலாம். விதிவிலக்காக, ஓமானின் தெற்கே சலாலாவை ஒட்டிய மலைகள் மட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவக்காற்றின் தூறலிலும் பனியிலும் பசேலென்று மாறிவிடும். சாம்பிராணி மரம் அந்த மலைகளின் மறுபுறத்து வறண்ட சரிவில் வளர்கிறது.

இனி தண்ணீர். நெடுந்துறையில் ஒரு லட்சம் பேரைக் குடியமர்த்தும் முன் அவர்களுடைய கிணறு எங்கே என்று காட்டுங்கள். தனுஷ்கோடி மணலில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மழைநீர் உப்புநீரைவிடக் கனம் குறைந்தது என்பதால் மணலுக்குள் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே அளவு மீறி இறைத்தால் அதே கணக்கில் கீழிருந்து உப்பு ஏறிவிடும். நம் மணலை ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மழை நிரப்புகிறது. மருதீரத்தில் மழை இல்லையென்றால், அந்த நீர் மலையிலிருந்து நிலத்தடியாக வந்தாக வேண்டும்.

ஓமானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரை, லேசான சரிவுள்ள கால்வாய் வழியாக, பல இடங்களில் சுரங்கமாகவே, ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். ஃபலஜ் என்பது அதன் பெயர். அதில் தண்ணீர்ப் பங்கு நேரத்தால் அளக்கப்படும். பகலில் நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து முறை மாற்றினார்கள். நம் கண்மாய்களில் மடை திறக்கும் முறைக்காக ஊர்கள் அடித்துக்கொண்ட கதைகளை அறிந்தவருக்கு, இதில் எவ்வளவு வரலாறு எழுதலாம் என்பது புரியும்.

பஹ்ரைனில் கடலுக்கு அடியிலேயே நன்னீர் ஊற்றுகள் இருந்தன. முத்துக்குளிப்பவர்கள் மூழ்கித் தோற்பைகளில் அந்த நீரைப் பிடித்து வந்தார்கள். குவைத்தோ, எண்ணெய் வருவதற்கு முன் ஷத்துல் அரபு ஆற்றிலிருந்து படகில் தண்ணீர் கொண்டுவந்து குடித்த ஊர்.

உப்பளத்தான் (திருப்புல்லாணி)

இருவருக்கும் நன்றி. மூடுபனியையும் முத்தையும் நான் விடுவதாக இல்லை. மருதீரத்தை மெலிந்து நீண்ட தீபகற்பமாக மாற்றிவிட்டால் என்ன? நம் ராமேசுவரத்தில் ஒரு பக்கம் பாக் நீரிணை, பெண்கடல் என்று சொல்லும் அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. மறுபக்கம் மன்னார் வளைகுடா ஆண்கடலாகப் புரள்கிறது. அதுபோல மருதீரத்துக்கும் மேற்கே குளிர்க்கடலும் கிழக்கே வெப்பமான உள்கடலும் இருக்கட்டும்.

துறைமுகத்தெரு காக்கா (அண்ணா), இன்னொன்றும் கேட்க வேண்டும். மீனைத் தவிர உணவு இல்லாத கரையில் ஆடு மாடுகள் எதைத் தின்னும்?

துறைமுகத்தெரு (கீழக்கரை)

மீனைத்தான் தின்னும். ஓமானில் காய்ந்த மத்தியைக் கால்நடைத் தீவனமாகப் போடுவது பழைய வழக்கம். கி.மு. 325-இல் அலெக்சாந்தரின் கப்பற்படை மக்ரான் (இன்றைய பாகிஸ்தான், ஈரானின் தெற்குக்) கரையோரமாகச் சென்றபோது கண்ட மக்கள் மீனை உலர்த்தி இடித்து மாவாக்கி அதில் அப்பம் சுட்டதையும், திமிங்கல எலும்பைச் சட்டமாக வைத்து வீடு கட்டியதையும், அவர்களுடைய ஆடுகளின் இறைச்சியே மீன்வாடை அடித்ததையும் அர்ரியன் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

கச்சான்காற்று (தொண்டி)

தீபகற்பத்துக்கு உலகிலேயே முன்மாதிரி உண்டு. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா அப்படிப்பட்டது. பசிபிக் பக்கம் குளிர் நீரோட்டமும் மூடுபனியும், உள்வளைகுடாப் பக்கம் வெதுவெதுப்பான கடலும் லா பாஸ் நகரத்து முத்தும். உங்கள் படம் இப்போது நிற்கும்.

கண்மாய்க்கரை (பரமக்குடி)

வரலாற்றுப் பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மூன்று ஆட்சிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஒன்று போய் மற்றொன்று வந்ததற்கான காரணம் எதையும் அந்த நிலத்திலிருந்து எடுக்கவில்லை. பாலைக்கரை அரசு நெல் விளைச்சலில் பங்கு வாங்க முடியாது. தானியம் வெளியிலிருந்து வர வேண்டும், அதற்கு ஈடாகக் கொடுக்க ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். அந்த ஒன்றின் விலை சரியும் நாளில் ஆட்சியும் ஆடிப்போகும்.

உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்பட்ட நைட்ரேட் உப்பான வெடியுப்பு கிடைக்கும் சிலியின் பாலையைப் பாருங்கள். அந்த உப்புக்காகவே சிலி ஒரு பக்கமும், பெருவும் பொலிவியாவும் மறுபக்கமுமாக 1879 முதல் 1884 வரை போரிட்டன. பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்து இன்றுவரை கரையில்லாத நாடாக இருக்கிறது. பிறகு காற்றிலிருந்தே நைட்ரஜன் உரம் செய்யும் முறை ஜெர்மனியில் வந்ததும், எவற்றுக்காகப் போர் நடந்ததோ அந்த வெடியுப்பு ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வளைகுடாவின் முத்தும் அப்படித்தான். ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929-க்குப் பிந்தைய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து அதை முடித்துவைத்தன.

குதிரைப்படை மரபினரைப் பற்றி எனக்குப் பெரிய ஐயம் உண்டு. வெயில்காலத்தில் ஒரு குதிரை நாளொன்றுக்கு 30 லிட்டருக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். ஆயிரம் குதிரைகள் நெடுந்துறைக்கு வந்தால் ஊருக்குக் குடிக்க என்ன மிஞ்சும்? மலையிலிருந்து வந்தவர்கள் குதிரையில் ஆண்டார்கள் என்பதைவிட, மலையில் வளர்த்த குதிரையைக் கடல்கடந்து விற்றார்கள் என்பது பொருத்தமாக இருக்கும். பாண்டியர்கள் 13-ஆம் நூற்றாண்டில் அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து குதிரை வாங்கியே பெருஞ்செல்வத்தைக் கரைத்தார்கள். பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். இந்தக் கதையை நாம் எப்போதும் வாங்கியவர் பக்கமிருந்தே படித்துவிட்டோம். நீங்கள் விற்றவர் பக்கமிருந்து எழுதலாம்.

பாலைத்துறை எப்படி இயங்கும் என்பதற்குச் செங்கடல் கரையின் பெரெனிகே நல்ல சான்று. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் தாலமி அரசர்கள் அமைத்த துறை அது. நைல் ஆற்றங்கரையின் கொப்டோசிலிருந்து பாலை வழியாகப் பன்னிரண்டு நாள் பயணம். வழிநெடுக அரணோடு கூடிய கிணற்று நிலையங்கள். தானியம் அந்த வழியாகவே வந்தாக வேண்டும். அங்கே ஒரு கோயில் வளாகத்தில், இந்தியாவில் வனைந்த சாடிக்குள் 7.5 கிலோ மிளகை அகழாய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். தமிழ்பிராமி பொறித்த பானை ஓடு ஒன்றும் கிடைத்தது. இந்தப் பக்கம் வைகை முகத்தில் அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும் மதுக்குட ஓடுகளும் கிடைத்துள்ளன. ஆகவே மருதீரத்தின் ஏதாவது ஒரு சந்தில் பனை வெல்லமும் சங்கும் விற்கும் நம் ஊர்க்காரர் ஒருவரைக் குடியமர்த்தினால் வரலாறு கோபித்துக்கொள்ளாது.

தீபகற்பமாக மாற்றியதில் உங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. முனையைச் சுற்றிக் கப்பல் ஓட்டுவது ஆபத்து என்றால், சரக்கை ஒரு கடலில் இறக்கி ஒட்டகத்தில் ஏற்றி மறு கடலுக்குக் கொண்டுபோவார்கள். அந்தத் தரைவழியில் கிணறு வைத்திருப்பவனுக்குச் சுங்கம் தானாக வரும். வணிகர் சபை அங்கேதான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சங்குமடி (பெரியபட்டினம்)

எங்கள் குடும்பம் சங்குகுளித் தொழிலில் இருந்தது. சிப்பிமுனையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். முத்து ஆண்டுதோறும் கிடைக்கும் விளைச்சல் அல்ல. பார் திடீரென்று வெறுமையாகிவிடும். பல ஆண்டுகள் சிப்பியே தட்டுப்படாது. நம் பக்கத்துப் பார்களில் 1961-க்குப் பிறகு முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) நடக்கவே இல்லை. அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் குளிகாரன் எதைச் சாப்பிட்டான்? வளைகுடாவில் அவன் முன்பணம் வாங்கிச் சாப்பிட்டான். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் கூடியிருக்கும். அவன் இறந்தால் மகன் அதே படகில் ஏற வேண்டியிருந்தது. பஹ்ரைனில் 1920-களில் இந்தக் கணக்கு முறையைத் திருத்த முற்பட்டபோது கலவரம் வரை போயிற்று. உங்கள் வணிகர் சபையை நல்லவர்களாகக் காட்டுவதற்கு முன் அவர்களுடைய கடன் பேரேட்டைத் திறந்து பாருங்கள்.

உப்பளத்தான் (திருப்புல்லாணி)

குதிரை மரபினரைக் குதிரை விற்பவர்களாக மாற்றிவிட்டேன். தலைநகரையும் மேற்குக் கரையிலிருந்து எடுத்து, தரைவழி உள்கடலைத் தொடும் கிழக்கு முனையில் வைத்து, மக்கள்தொகையைப் பன்னிரண்டாயிரமாகக் குறைத்துள்ளேன். கடைசி ஐயம் ஒன்று. அயல்நாட்டாரின் கோட்டை சிப்பிமுனையில் இருக்க வேண்டுமா, நெடுந்துறைத் துறைவாயிலில் இருக்க வேண்டுமா?

துறைமுகத்தெரு (கீழக்கரை)

இரண்டிலும் வேண்டாம், தம்பி. பாரசீக வளைகுடாவின் வாயிலில் இருந்த ஹோர்முஸ் அரசின் கதையைப் பாருங்கள். 1300-ஐ ஒட்டி அந்த அரசு பெருநிலத்திலிருந்து ஒரு தீவுக்குக் குடிபெயர்ந்தது. உலகத்து வணிகமெல்லாம் அந்தத் தீவுக்கு வந்தது. குடிக்கும் தண்ணீரும் பக்கத்துக் கிஷ்ம் தீவிலிருந்தும் கரையிலிருந்தும் படகில் வர வேண்டியிருந்தது. போர்த்துக்கீசியர் 1515-இல் ஹோர்முஸில் நிலைகொண்டு நூறாண்டுக்கு மேல் அசையாமல் இருந்தார்கள். ஷா அப்பாஸின் பாரசீகப் படையும் ஆங்கிலேயக் கப்பல்களும் சேர்ந்து 1622-இல் முதலில் அடித்தது ஹோர்முஸை அல்ல. கிஷ்மின் கிணறுகளைக் காக்கப் போர்த்துக்கீசியர் எழுப்பியிருந்த கோட்டையை. அது விழுந்து சில மாதங்களுக்குள் ஹோர்முஸும் விழுந்தது. ஃபலஜ் மலையிலிருந்து வெளிப்படும் வாய் எங்கே இருக்கிறது என்று உங்கள் படத்தில் முதலில் குறியுங்கள். அயல்நாட்டார் விவரமானவர்கள் என்றால் அங்கே கோட்டை கட்டுவார்கள். விவரமில்லாதவர்கள் என்றால் துறைவாயிலில் கட்டுவார்கள். இரண்டில் எது உங்கள் கதைக்கு வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.