ஆச்சி வீட்டுக் குழு: எவர்சில்வர் தட்டில் ஓட்டை

காலை 7:12
சுப்பு அம்மா: என் எவர்சில்வர் தட்டை இரண்டு நாளாகத் தேடுகிறேன். மொட்டை மாடியில், ஆச்சி அப்பளம் காயப்போடுகிற இடத்தில் கிடக்கிறது. தட்டெல்லாம் புள்ளி புள்ளியாக அரித்து ஓட்டை. ஏல சுப்பு, பதில் சொல்லு.

7:20
சுப்பு: அம்மா, அது ஃபெரிக் குளோரைடு, சர்க்யூட் போர்டு செய்ய வேண்டாத செம்பை அரித்தெடுக்கிற கரைசல். செம்பை அரிக்கும் என்று தெரியும். எவர்சில்வரையும் விடாது என்று நேற்றுத்தான் தெரிந்தது.

7:21
சுப்பு அம்மா: என் தட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

7:34
பெரியப்பா (அம்பை): தம்பி, பிளாஸ்டிக் டப்பாதான் அதற்குச் சரி. நான் ரேடியோ கடை வைத்திருந்தபோது ஐஸ்கிரீம் டப்பாவில்தான் ஊற்றுவேன். மூடியும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். வேட்டியில் பட்டால் மஞ்சள் கறை, எந்தச் சோப்புக்கும் போகாது. சரி, என்ன போர்டு?

7:41
சுப்பு: தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம், பெரியப்பா. யூஎல்என் 2003 என்கிற 16 கால் ஐசி (சில்லு) போட்டது. அரிக்காமல் செம்பை மூடி வைக்கிற மார்க்கர் கோடுகளை நான் கையால் போடவில்லை, மெஷின் வரைந்தது!

7:42
[படம்]

7:45
மீனா அக்கா: இது நம் வீட்டுப் பழைய டிவிடி பிளேயர் இல்லையா? அதில் சுற்றியிருப்பது என் தலைமுடி ரப்பர்!

7:58
சுப்பு: ஆமாக்கா 😁 இரண்டு டிவிடி டிரைவைப் பிரித்தேன். லென்ஸை நகர்த்துகிற, அடி அடியாகச் சுற்றும் குட்டி ஸ்டெப்பர் மோட்டாரும் திருகுக் கம்பியும் இரண்டிலும் இருந்தன. ஒன்று போர்டை முன்னும் பின்னும் இழுக்கும், மற்றது மார்க்கரை இடமும் வலமும் கொண்டு போகும். மார்க்கரைத் தூக்கி இறக்க ஒரு சர்வோ மோட்டார். ஆர்டுயினோ என்கிற குட்டிக் கணினிப் பலகைதான் எல்லாவற்றையும் ஓட்டுகிறது. ஒரு ஸ்டெப்புக்கு 0.15 மி.மீ. நகரும், ஆனால் மொத்தமே 4 செ.மீ.க்குள்தான் ஓடும். போர்டை அதற்குள் அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

8:01
சுப்பு: ரப்பர் எதற்கென்றால், கம்பி திசை மாறும்போது கொஞ்சம் ஆட்டம் இருந்தது. வட்டம் வரைந்தால் முனை சேரவில்லை. ஒரு பக்கமாக இழுத்துக் கட்டியதும் சேர்ந்துவிட்டது.

8:10
பெரியப்பா (அம்பை): நல்ல வேலை! நாங்கள் நகப்பாலிஷை ஊசியால் தொட்டுத் தொட்டுக் கோடு போட்டோம். மார்க்கர் மை ஒரு தடவை போட்டால் மெல்லிசாக இருக்கும், இடையிடையே அரித்துவிடுமே?

8:14
சுப்பு: அதே கதைதான். முதல் போர்டில் கோடெல்லாம் சல்லடை. இப்போது கம்பி நாரால் செம்பைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, ஒரே கோட்டின் மேல் இரண்டு தடவை ஓட்டுகிறேன். இரண்டாவது போர்டில் ஐசி கால்களெல்லாம் ஒட்டிக்கொண்டன. காலுக்குக் கால் 2.54 மி.மீ.தான், மார்க்கர் முனை தடி. மூன்றாவதில் மெல்லிய முனை போட்டேன்.

8:16
மீனா அக்கா: அதாவது தட்டு மூன்று தடவை குளித்திருக்கிறது.

8:25
பெரியப்பா (அம்பை): போர்டை எதால் வெட்டினாய்?

8:31
சுப்பு: உடைந்த ஹாக்ஸா பிளேடின் முனையைக் கொக்கி மாதிரி தீட்டிக்கொண்டேன். ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் நன்றாகக் கீறி மேசை விளிம்பில் அழுத்தினால், காய்ந்த அப்பளம் மாதிரி டப்பென்று உடைகிறது.

8:33
பெரியப்பா (அம்பை): தண்ணீர் தொட்டுக் கீறு. அது கண்ணாடி இழைப் பலகை, தூசி மூச்சில் போகக் கூடாது. அப்பளம் காயும் இடத்தில் செய்யவே செய்யாதே.

8:40
சுப்பு: பெரியப்பா, ஒரு தப்பு நடந்துவிட்டது. படத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பாமல் வரைந்துவிட்டேன். ஐசியைச் செம்புக்கு மறுபக்கத்திலிருந்து செருகுவதால் கால்கள் இடம் வலமாக வருகின்றன.

8:44
பெரியப்பா (அம்பை): தூக்கிப் போடாதே. ஐசியைச் செம்புப் பக்கத்திலேயே வைத்துப் பற்றவை, சரியாகிவிடும். துளை போட 0.8 பிட் என்னிடம் இருக்கிறது. பழைய கரைசலை வாய்க்காலில் கொட்டிவிடாதே, செம்பு கலந்தது, மீன் செத்துப்போகும். பாட்டிலில் வைத்துக்கொண்டால் இன்னும் நாலு போர்டுக்கு ஆகும்.

மாலை 5:48
சுப்பு: 🔊 [குரல் செய்தி, 0:09] கத்துகிறது!!

5:50
மீனா அக்கா: ஆச்சி சொல்லச் சொல்லித் தட்டுகிறேன்: "எய்யா, கத்துவது தெருமுனை வரை கேட்கிறது. மோட்டாரை நிறுத்த யார் மாடியிலிருந்து இறங்கி ஓடுவது?"

5:52
சுப்பு: அதற்கு மோட்டாரைத் தானாக நிறுத்துகிற சுவிட்ச், ரிலே, வைத்து இன்னொரு போர்டு போடணும் ஆச்சி.

5:53
சுப்பு அம்மா: முதலில் தட்டு.