மறு: ஹிட்ச் லாக்குக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கையேட்டுக்காரி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். காட்டுவழி, கரட்டுவழிகளில் இழுத்துச் செல்லும் முகாம் டிரெய்லர் ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். திருட்டுத் தடுப்பு அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். ஹிட்ச் லாக், வீல் கிளாம்ப் (சக்கரத்தில் மாட்டும் பூட்டு), கிரவுண்ட் ஆங்கர் (தரையில் புதைத்த வளையம்) மூன்றுக்கும் சொல் வேண்டும். முதலாவது, கழற்றி நிறுத்திய டிரெய்லரை வேறொருவன் தன் வண்டியில் மாட்டி இழுத்துப் போகாமல் தடுக்கும் பூட்டு. இப்போதைக்குக் "கொக்கிப்பூட்டு" என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

வேர்தேடி எழுதியது:

அம்மா, முதலில் டிரெய்லரைத் தீர்த்துவிட்டுப் பூட்டுக்கு வாருங்கள். "இழுவை" என்றால் பாதிப்பேர் டிராக்டரை நினைப்பார்கள். "இழுவண்டி" என்று வைக்கலாம், வினைத்தொகை.

யாப்பன் எழுதியது:

> இழுவண்டி... வினைத்தொகை

இழுத்த வண்டி, இழுக்கின்ற வண்டி, இழுக்கும் வண்டி என்று முக்காலத்துக்கும் விரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இழுப்பது எது, இழுபடுவது எது? ஊறுகாயில் காய் தானே ஊறுகிறது. அந்தக் கணக்கில் இழுவண்டியில் வண்டி இழுக்க வேண்டும், அதாவது முன்னால் போகும் ஜீப். இங்கே உங்கள் சொல் குடை சாய்கிறது.

வேர்தேடி எழுதியது:

"சுடுசோறு" சோறு சுடுகிறதா, சுடப்படுகிறதா?

யாப்பன் எழுதியது:

தொட்டுப் பாருங்கள், சுடும்.

பட்டறைக்காரன் எழுதியது:

பெரியவர்கள் மன்னிக்கணும், குறுக்கே வருகிறேன். டிரெய்லரை டிரெய்லர் என்றே விடுங்கள், பூட்டுக்கு வருவோம்.

கொக்கிப்பூட்டு ஆகாது, ஏனென்றால் பெரும்பாலான டிரெய்லரில் கொக்கியே கிடையாது. இழுக்கும் வண்டியின் பின்னால் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். டிரெய்லரின் முன்னால் நீளும் ஏர்க்கால் நுனியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வாய். குண்டின் மேல் வாய் உட்கார்ந்து, நாக்கு ஒன்று அடியிலிருந்து பிடித்துக்கொள்ளும். கரட்டுவழி டிரெய்லரில் இதுகூட இருக்காது. பள்ளத்தில் ஜீப் ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாயும்போது குண்டு இணைப்பு ஓரளவுக்கு மேல் திரும்பாது. அதனால் மூன்று அச்சிலும் திரும்புகிற வேறு இணைப்பு போடுவார்கள். சிலதில் ஊசி, சிலதில் வளையம். குண்டுக்குச் செய்த பூட்டை வாங்கி வந்து இதில் மாட்டப் பார்த்தால் நுழையவே நுழையாது. குண்டிலேயே 50 மி.மீ. ஒன்று, 2 அங்குலம் ஒன்று. அந்த 0.8 மி.மீ. வித்தியாசம் பூட்டை லொடலொடக்க வைக்கப் போதும்.

இன்னொன்று. இங்கே பூட்டு இரண்டு வகை. டிரெய்லர் மாட்டியிருக்கும்போது எவனும் கழற்றாமல் இருக்கப் போடுவது ஒன்று. கழற்றி நிறுத்தியபின் எவனும் மாட்டாமல் இருக்கப் போடுவது மற்றொன்று. கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டால், முதல் பூட்டை வாங்கிய ஆள் முகாமில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, "பூட்டுதான் இருக்கே" என்று வாயைத் திறந்தபடி விட்டுப் போவான். பெயர் எதுவானாலும் சரி, இதைப் பிரித்துக் காட்டணும்.

எளியதமிழ் எழுதியது:

பட்டறைத் தம்பி சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பந்துக்கிண்ண மூட்டு என்று உடலியல் பாடத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள், இதுவும் அதே அமைப்புதான். "கிண்ணப்பூட்டு" என்றால் என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் புரியும்.

பட்டறைக்காரன் எழுதியது:

ஊசியும் வளையமும் உள்ளவன் கிண்ணத்துக்கு எங்கே போவான், டீச்சர்?

வேர்தேடி எழுதியது:

கரட்டுவழி என்றதும் உப்பு வணிகர்களான உமணர்கள் நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? புறநானூறு 102. எருதுகள் இளையவை, நுகம் அறியாதவை, பாரமோ அதிகம். "அவல் இழியினும் மிசை ஏறினும்" (பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும்) என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் சேம அச்சு, அதாவது உபரி அச்சு, கட்டிப் போனார்கள். சேமம் என்றால் காப்பு. ஆகவே "சேமப்பூட்டு".

நுகத்தின் நடுவில் அடிக்கும் ஆணிக்குப் "பகல்" என்று பெயர். "நெடுநுகத்துப் பகல்போல" என்று பட்டினப்பாலை சொல்கிறது. நாம் பேச்சில் பகலாணி என்போம். வண்டியையும் இழுப்பதையும் பிணைக்கும் இடம் அது. மாட்டியிருக்கும்போது போடும் பூட்டுக்குப் "பகற்பூட்டு" என்றே சூட்டலாம். பகு என்னும் வேரிலிருந்து பகல், பகுதி, பங்கு எல்லாம்...

எளியதமிழ் எழுதியது:

ஐயா, "பகற்பூட்டு" என்று அச்சடித்தால் ராத்திரி பூட்ட வேண்டாம் என்று நினைத்துக்கொள்வார்கள். திருடன் வருவதே ராத்திரியில்தான்.

யாப்பன் எழுதியது:

வீல் கிளாம்ப்புக்கு என் பங்கு: "சக்கரத்தளை". தளை என்றால் விலங்கு. யாப்பில் சீரும் சீரும் சேர்வதும் தளை. தளை தட்டினால் வெண்பா நகராது, இதைப் போட்டால் வண்டி நகராது.

வேர்தேடி எழுதியது:

அமெரிக்காவில் டென்வர் நகரக் காவல்துறை 1955இல் இதை வண்டிகளில் மாட்டத் தொடங்கியது. ஊர் பெயரோடு சேர்த்து "டென்வர் பூட்" என்றே பெயர் நின்றுவிட்டது. அவர்கள் காலணி என்கிறார்கள், நாம் விலங்கு என்கிறோம். நம்முடையது நேர்மையானது. தளைக்கு ஆதரவு.

பட்டறைக்காரன் எழுதியது:

தளையோ விலங்கோ, ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கரட்டுவழி டயர் அகலம், சாதாரணத் தளையின் கை சுற்றி வராது. வாங்குமுன் டயரை அளக்கணும்.

அப்புறம் எந்தப் பூட்டையும் ஆங்கிள் கிரைண்டர் அறுத்துவிடும். நம்மால் நேரத்தைக் கூட்டத்தான் முடியும், சத்தம் போட வைக்கத்தான் முடியும். பூட்டின் வளைவு வெளியே துருத்திக்கொண்டு இருந்தால் கட்டர் வாய் பிடிக்கும், உள்ளே மறைந்திருந்தால் பிடிக்காது. அதைவிட, இணைப்பையே ஏர்க்காலில் நான்கு போல்ட்டில் மாட்டியிருப்பான். பூட்டைத் தொடாமல் போல்ட்டைக் கழற்றி வேறு இணைப்பு மாட்டிக்கொண்டு போவார்கள். போல்ட் தலையையும் மூடணும். கிரவுண்ட் ஆங்கர் எதற்கு? ஏர்க்காலையோ அச்சையோ சங்கிலி போட்டுக் கான்கிரீட்டில் புதைத்த வளையத்தோடு கட்டத்தான்.

எளியதமிழ் எழுதியது:

அதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே. கட்டுத்தறி! கம்பன் வீட்டில் கவி பாடிக்கொண்டு சும்மாதானே நிற்கிறது.

யாப்பன் எழுதியது:

ஆட்சேபம் இல்லை. இந்த இழையில் இதை முதல்முறையாக எழுதுகிறேன்.

கையேட்டுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சக்கரத்தளை, கட்டுத்தறி இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ஹிட்ச் லாக்குக்குப் பட்டறை அண்ணன் விளக்கத்திலேயே பதில் இருந்தது: வாய். கழற்றியபின் போடுவது "வாய்ப்பூட்டு", மாட்டியிருக்கும்போது போடுவது "பிணைப்புப்பூட்டு". ஊசியும் வளையமும்கூட ஒருவகையில் வாய்தான், சமாளித்துக்கொள்ளலாம். சரியா?

யாப்பன் எழுதியது:

வாய்ப்பூட்டு என்றால் பேச்சுரிமைத் தடை. வாய்ப்பூட்டுச் சட்டம் என்று செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருப்போம்! டிரெய்லர் என்ன மேடையிலா பேசப் போகிறது?

எளியதமிழ் எழுதியது:

கன்றுக்கும் வாய்ப்பூட்டு போடுவதுண்டு, அதுவும் பேசாது. எனக்குச் சம்மதம்.

பட்டறைக்காரன் எழுதியது:

சம்மதம். படத்தைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அடைப்புக்குறியில் "ஹிட்ச் லாக்" என்றும் தமிழ் எழுத்தில் போடுங்கள், கடையில் அப்படித்தான் கேட்கணும்.

வேர்தேடி எழுதியது:

அடைப்புக்குறிக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். உள்ளே வந்த சொல் வெளியே போகாது. சேமப்பூட்டைப் பொதுப்பெயராக, எல்லாப் பூட்டுகளுக்கும் தலைப்பாகவாவது வைக்கலாமே?

கையேட்டுக்காரி எழுதியது:

ஐயா, அத்தியாயத் தலைப்பு "திருட்டுத் தடுப்பு" என்று ஏற்கெனவே போய்விட்டது. கோப்பு இன்று மதியம் அனுப்பியாயிற்று. அடைப்புக்குறியோடு.

வேர்தேடி எழுதியது:

இரண்டாம் பதிப்பு வருமல்லவா? அதற்குள் "கடவு", "கதவு", "காவல்" மூன்றும் ஒரே வேர்தானா என்று ஒரு குறிப்பு எழுதி இந்த இழையிலேயே போடுகிறேன்.

யாப்பன் எழுதியது:

தனி இழை தொடங்குங்கள். அப்புறம், பிணைப்புப்பூட்டில் பகரம் ஐந்து முறை வருகிறது, யாராவது எண்ணிப் பார்த்தீர்களா?